சாப்ட்டேம்மா, வைக்கேன்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் கேட்டு நச்சரிக்காதீர்கள்.

கல்கத்தா சால்ட் லேக்கில் செக்டர் ஃபைவ் என்று ஒரு பகுதி. மென்பொருள் நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டிடங்கள் அங்கே வரிசையாக நிற்கும். அவற்றின் காலடியில், நடைபாதையை அடைத்துக்கொண்டு சோற்றுக்கடைகள். நீலத் தார்ப்பாய், இரண்டு பெஞ்சு, ஓர் அடுப்பு. மேலே ஏசியில் உட்கார்ந்து அமெரிக்காவோடு பேசுகிறவர்கள் மதியம் இறங்கி வந்து இங்கேதான் முட்டைக்குழம்பும் சோறும் தின்கிறார்கள். நானும் அங்கேதான் சாப்பிடுகிறேன். மாற்றலில் வந்த அரசு அதிகாரி நான். வீடு மதுரையில் இருக்கிறது, வீட்டில் இருப்பவர்களும் மதுரையில் இருக்கிறார்கள். ஒருத்திக்காக யார் அடுப்பைப் பற்ற வைப்பது?

ஒரு மழை நாளில் எதிர் பெஞ்சில் ஓர் இளைஞன். தட்டு மடியில் இருந்தது. போனைக் காதில் வைத்து, "சாப்ட்டேம்மா. ம். சாப்ட்டேன்னு சொல்றேன்ல. வைக்கேன்" என்றான். தெற்கத்தித் தமிழ். கல்கத்தாவில் அது காதில் விழுந்தால் என் தலை தானாகத் திரும்பிவிடும். திரும்பினேன். போன் தலைகீழாக இருந்தது. சார்ஜ் போடும் ஓட்டை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் பார்த்தது அவ்வளவே. அவன் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, அவனுக்கு அம்மா இருக்கிறாளா என்பதும் தெரியாது.

[அவசரத்தில் யார் வேண்டுமானாலும் தலைகீழாகப் பிடிக்கலாமே என்கிறீர்கள். பிடிக்கலாம். ஆனால் அப்படிப் பிடித்தால் அந்தப் பக்கத்துக் குரல் சரியாகக் கேட்காது, இரண்டு தடவையாவது "ஹலோ, ஹலோ" என்று கத்த வேண்டியிருக்கும். இவன் ஒருமுறைகூட ஹலோ சொல்லவில்லை.]

இனி வருவது எல்லாம் என் கைச்சரக்கு.

2

அவனுக்கு அர்ஜுனன் என்று பெயர் வைத்தேன். தொடக்கத்தை எழுதிப் பார்த்தேன்.

அர்ஜுனன் தனிமையில் வாடினான். மாநகரின் இரைச்சலுக்கு நடுவே அவன் மனம் —

அடித்துவிட்டேன். செடிதான் வாடும். மனிதன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போகிறான்.

ஹூக்ளி நதியின் மேல் மாலைச் சூரியன் —

இதையும் அடித்தாயிற்று. செக்டர் ஃபைவிலிருந்து ஹூக்ளி தெரியாது. கல்கத்தா என்றதும் ஆளாளுக்கு ஆற்றையும் பாலத்தையும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், நானும் பழக்க தோஷத்தில் கொண்டுவந்துவிட்டேன். எழுதுகிறவர்களும் மற்றவர்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள் என்பதற்கு என்னைவிட வேறு சாட்சி வேண்டாம்.

2 (மறுபடியும்)

அர்ஜுனன் கோவில்பட்டிக்காரன். அப்பா மாவு மில் வைத்திருக்கிறார். அம்மா அவன் நடை பழகுமுன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

[இதை நான்தான் செய்தேன். கதைக்காக ஒரு பெண்ணைக் கொன்றிருக்கிறேன், அதுவும் ஒற்றை வரியில். காய்ச்சலா, பிரசவமா என்றுகூட யோசிக்கவில்லை.]

மில்லில் மெஷின் ஓடும்போது பேச்சு கேட்காது. அதனால் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவே எல்லாம் சைகைதான். பள்ளிக்கூடம் விட்டு வந்து அவன் வாசலில் நிற்பான். அப்பா மாவு படிந்த கையை வாய்க்குக் கொண்டுபோய்ப் புருவத்தைத் தூக்குவார். சாப்பிட்டாயா என்று அர்த்தம். இவன் தலையை ஆட்டுவான். அந்தக் கேள்வியை யாரும் அவனிடம் வாய்விட்டுக் கேட்டதே இல்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை போனில் பேசினால் இருவருக்கும் என்ன செய்வதென்று புரியாது. அப்பா "ம்" என்பார். இவன் "ம்" என்பான். சைகை போனில் போகாது.

கல்கத்தாவுக்கு வந்தபோது அவனுக்கு வங்காளம் தெரியாது, இந்தி அரைகுறை, வாயைத் திறந்து கேட்கக் கூச்சம். எனவே பார்த்துக் கற்றுக்கொண்டான். முழுதாக நிற்காத பஸ்ஸிலிருந்து எந்தக் காலை முதலில் வைத்து இறங்குவது என்பதை ஒரு வழுக்கைத்தலைக்காரரைப் பார்த்துக் கற்றான். காளி கோவிலைத் தாண்டும்போது பஸ்ஸில் இருப்பவர்கள் நெற்றியைத் தொட்டு நெஞ்சைத் தொட்டார்கள், இவனும் தொட்டான். டீ குடித்த மண்குவளையைத் தொட்டியில் வீசி உடைக்க முதலில் மனசு வரவில்லை, அதுவும் பழகியது. டிசம்பரில் ஊரே காதை மூடும் குரங்குக் குல்லாய் போட்டது. கோவில்பட்டிக்காரன் உடம்புக்கு அது குளிரே அல்ல. ஆனாலும் ஒன்று வாங்கினான். சாப்பாடு முடிந்ததும் ஆபீசே நெஞ்சைத் தடவிக்கொண்டு "அம்பல், அம்பல்" என்று முனகி, புளியேப்பத்துக்கு மாத்திரை போடும். இவனும் தடவினான். கொஞ்ச நாளில் இவனுக்கும் நிஜமாகவே நெஞ்சு எரிய ஆரம்பித்தது.

3

நெஞ்செரிச்சலை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கொஞ்சம் கட்டுரை படியுங்கள், பிறகு கதைக்குப் போகலாம்.

பெருக்குகிறவளைப் பார்த்துக் குழந்தை ஒரு குச்சியை எடுத்துத் தரையில் இழுக்கிறது. குப்பை இருந்த இடத்திலேயே இருக்கிறது. பெரியவர் ஒருவர் பொம்மையை அடித்து உதைப்பதைப் பார்த்த குழந்தைகள், வாய்ப்புக் கிடைத்தபோது தாங்களும் அதே மாதிரி அடித்தன என்று ஓர் ஆராய்ச்சி உண்டு, நீங்களும் எங்காவது படித்திருப்பீர்கள். எனக்கு அதில் ஒரு சந்தேகம். குழந்தைகளுக்கு அடி தெரிந்தது. கோபம் தெரிந்ததா? கை எப்படிப் போகிறது என்பதுதான் கண்ணுக்குத் தெரியும். அந்தக் கையை எது கொண்டுபோகிறது என்பது தெரியாது.

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது என்று சிரிக்கிறோம். பாவம், பூனை என்ன செய்யும்? வரி மட்டும்தானே அதன் கண்ணுக்குத் தெரிந்தது.

4

மதியம் அர்ஜுனன் கீழே கடையில் முட்டைச் சோற்றைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு ஆபீஸ் சாப்பாட்டறைக்கு வருவான். அங்கே அவன் குழுவுக்கு என்று ஒரு நீள மேஜை.

[நான் பார்த்தவன் கீழேயே சாப்பிட்டான், தனியாக. எனக்கு அது பொறுக்கவில்லை. அதனால் இவனை மேலே ஏற்றிவிட்டேன்.]

எல்லோரும் டப்பாவைத் திறந்து சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் போன்கள் அடிக்க ஆரம்பிக்கும். முதலில் உதய்யின் அம்மா. உதய்தான் குழுத் தலைவன், முன்மண்டை வழுக்கை விழுந்தவன், வாடிக்கையாளர்களை மிரட்டுகிறவன். "கேயேச்சிஷ்?" என்று அவன் அம்மா கேட்பாள். சாப்பிட்டாயா என்று. அதோடு விடமாட்டாள், "கீ தியே கேலி?" என்பாள். எதைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டாய் என்று. உதய் கண்ணை உத்தரத்துக்கு உருட்டி, "ஹ்யாங் மா, கேயேச்சி, ராக்ச்சி" என்று வைத்துவிடுவான். சாப்பிட்டேன், வைக்கிறேன் என்பதுதான். அடுத்து மௌமிதாவின் அம்மா. அதே கேள்வி, அதே உருட்டல், அதே ராக்ச்சி.

அந்த எரிச்சலைத்தான் அர்ஜுனன் சோற்றில் கைவைத்தபடி பார்த்துக்கொண்டிருப்பான். கோபம் அவனுக்குத் தெரியும். இது கோபம் இல்லை. நாளைக்கும் இதே நேரத்துக்கு இந்தப் போன் வரும் என்று சந்தேகமே இல்லாதவர்கள் படுகிற எரிச்சல். அப்படி ஒருவரிடம் எரிந்துவிழ அவனுக்கு யாரும் இல்லை. பொறாமையாக இருந்தது. வெளிப்படையாகவே சொல்கிறேன், வயிறு எரிந்தது.

ஒருநாள் அவன் போனும் அடித்தது. கடன் அட்டை வேண்டுமா என்று கேட்கும் ஒரு பெண். அர்ஜுனன் என்ன நினைத்தானோ, கண்ணை உத்தரத்துக்கு உருட்டி, "சாப்ட்டேம்மா, வைக்கேன்" என்றான். எதிர்முனை "சார்?" என்றது. வைத்துவிட்டான்.

"மா?" என்று கேட்டான் உதய்.

"மா," என்றான் அர்ஜுனன்.

மேஜை முழுக்க ஒரு சிரிப்புப் பரவியது. உதய் தன் டப்பாவிலிருந்து ஒரு மீன் துண்டை எடுத்து இவன் பொட்டலத்தில் வைத்தான். "எல்லா அம்மாவும் ஒண்ணுதான், ஒரே பாட்டு," என்றாள் மௌமிதா. அதுவரை இவனைத் தள்ளி வைத்தவர்கள் என்று சொல்லமுடியாது. ஆனால் அந்த மேஜையில் இவனுக்கு ஓர் இடம் இருக்கிறது என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

பிறகு தினமும். அலாரம் வைத்துக்கொண்டான், போன் அடிப்பதுபோல அதிர வேண்டுமே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டே சாப்பிட்டான்.

5

[ஐந்தாம் பகுதியில் அர்ஜுனனுக்கு ஒரு காதல் வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். கதையில் தனியாக ஒருவன் இருந்தால் அவனுக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தும் வழக்கத்தை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். அவனுக்கு வேண்டியது அது இல்லை.]

6

அவன் பயம் என்ன என்று நீங்கள் தப்பாக நினைத்துவிடக் கூடாது. குட்டு வெளிப்பட்டால் அவமானம், சிரிப்பார்கள் என்பதில்லை. சிரித்தால் பொறுத்துக்கொள்வான். சிரிக்கமாட்டார்கள் என்பதுதான் அவன் பயம்.

அதே மேஜையில் முன்பு தீபாங்கர் என்று ஒருவர் இருந்தார். அவருடைய அம்மா தவறிப்போன பிறகு அவர் வேலைக்குத் திரும்பிய நாளில், உதய்யின் போன் அடித்தது. உதய் அவரை ஒருமுறை பார்த்தான், போனை எடுத்துக்கொண்டு வெளியே வராந்தாவுக்குப் போனான். மௌமிதாவும் போனாள். ஒவ்வொருவராக எல்லோரும். நல்ல மனசுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தினமும் அந்த நேரத்தில் நீள மேஜையில் தீபாங்கர் மட்டும் தனியாக உட்கார்ந்து டப்பாவை மூடிக்கொண்டிருப்பார். அப்புறம் ஹவுராவில் வேறு வேலை தேடிக்கொண்டு போய்விட்டார்.

அர்ஜுனன் விஷயம் தெரிந்தால் அவனுக்கும் அதே மரியாதை நடக்கும். அந்த அம்மாக்களின் குரல்கள் வராந்தாவுக்குப் போய்விடும். அவனுக்கு நாளில் இருந்ததே அந்த அரைமணிதான். மற்றவர்களின் அம்மாக்கள் என்றாலும், பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம். அது போய்விடக்கூடாது. இவ்வளவுதான் இந்தக் கதையில் அவன் கேட்பது.

7

எதிர்ப்பு இல்லாமல் பொய் ஓடினால் கதை படுத்துவிடும். அதனால் அக்‌ஷயாவைக் கொண்டுவந்தேன்.

அக்‌ஷயா லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்துப் பெண். கொள்ளுத்தாத்தா காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள், திரும்பிப் போகவில்லை. அவள் தமிழ் வீட்டுக்குள்ளேயே புழங்கிய தமிழ். கோபம் வந்தால் வங்காளம்தான் வரும். அவள் புதிதாகக் குழுவில் சேர்ந்து, மேஜையில் அர்ஜுனனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அர்ஜுனனின் பொய்க்கு இருந்த ஒரே காவல், அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது என்பது. அது போயிற்று.

சில நாள் பேசாமல் இருந்தாள். ஒருநாள் கீழே டீக்கடையில் கேட்டாள்.

"அச்சா, அர்ஜுன்தா, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டேளே?"

வங்காளிகள் மூத்தவர்களை அண்ணா என்பதற்குத் 'தா' சேர்ப்பார்கள். அவளுக்கு அது நாக்கிலேயே ஊறியது.

"கேளுங்க."

"உங்கம்மா எப்பப் பேசுவா?"

"இப்பத்தான பேசுனாங்க. நீங்களும் பக்கத்துலதான இருந்தீங்க?"

"இல்ல. நீங்க 'சாப்ட்டேம்மா'ங்கறேள். ஒடனே 'வைக்கேன்'ங்கறேள். நடுவுல அவா பேசறதுக்கு எடமே இல்லையே. எங்கம்மா ஒரு வாய் சாதத்துக்குப் பத்து கேள்வி கேப்பா. தயிர் புளிச்சுதா, டப்பாவ அலம்பினியா, ஏன் கொரல் ஒரு மாதிரி இருக்குன்னு. நான் போன மேஜைல வெச்சுட்டுக் கை அலம்பிண்டு வந்தாக்கூடப் பேசிண்டேதான் இருப்பா."

"எங்கம்மா ரொம்பப் பேசமாட்டாங்க."

"தூர்! போங்கோ, அப்டி ஒரு அம்மா உண்டா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். டீ அவன் கையில் வழிந்துகொண்டிருந்தது, அவன் துடைக்கவில்லை.

"இல்லையா?" என்றாள், மெதுவாக.

"இல்ல. கைப்பிள்ளையா இருக்கும்போதே போயிட்டாங்க. யார்ட்டயும் சொல்லிராதீங்க. தெரிஞ்சா எல்லாரும் போன எடுத்துட்டு வெளிய போயிருவாங்க. அந்த மேஜையில நான் ஒத்தையில உக்காந்து திங்கணும்" என்றான்.

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன்," என்றாள். அவளுக்கு அழுகை வந்தது. அதை மறைக்க, குவளையைத் தொட்டியில் வேண்டியதைவிட பலமாக வீசினாள்.

[என் பாத்திரம் செய்த தவறு இதுதான் என்று குறித்துக்கொள்ளுங்கள். வருஷக்கணக்காகப் பார்த்தும் அவன் அந்தப் பேச்சில் பிள்ளைகளின் பாதியை மட்டும்தான் கற்றான். போனில் பேசுகிறவன்தான் கண்ணுக்குத் தெரிவான். பேசுகிற அம்மா தெரியமாட்டாள், கசியும் குரலையும் அவர்கள் இரண்டாம் கேள்வியிலேயே வெட்டிவிடுவார்கள். எங்கே எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது, அவளைக் கேட்டு வளர்ந்தவனுக்குத்தான் தெரியும். எனக்கும் அவன் விஷயத்தில் இதே கோளாறு. மழையில் ஒருவனின் பாதிப் பேச்சைக் கேட்டுவிட்டு மீதியை நானே போட்டு நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.]

8

மறுநாளிலிருந்து அக்‌ஷயா ஒரு காரியம் செய்தாள். தன் அம்மா போன் செய்யும்போது ஒலியைக் கூட்டி, போனை அவன் பக்கம் இருந்த தன் காதில் வைத்துக்கொண்டாள்.  

"...மோர்மிளகா வெச்சேனே, பாத்தியோ? பாதியக் கீழ கொட்டிருப்ப. மழை வர்றாப்ல இருக்கு, கொடையக் கொண்டுபோன்னா கேக்கறயா? ஏய், இருக்கியா? என்னடி சத்தமே காணும்?"

அர்ஜுனன் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பான். சாப்பிட்டாயா என்பது ஒரு கேள்வியே அல்ல, கதவைத் தட்டுவது மாதிரி ஒன்று என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. அதற்கப்புறம்தான் அவர்கள் உள்ளே வருகிறார்கள்.

சீக்கிரமே கற்றுக்கொண்டான், கெட்டிக்காரன். "சாப்ட்டேம்மா" என்பான். நிறுத்துவான். அந்தப் பக்கம் ஒருத்தி மோர்மிளகாயைப் பற்றிக் கேட்கும் அளவுக்குப் பொறுப்பான். "இல்லம்மா" என்பான். குடையைப் பற்றிக் கேட்கும் அளவுக்குப் பொறுப்பான். "இருக்கு, இருக்கு." உதய்கூட ஒருநாள், "உங்க அம்மா இப்பல்லாம் நிறையப் பேசறாங்க போலிருக்கே" என்று வங்காளத்தில் கேலி செய்தான்.

ஆனால் முன்பெல்லாம் அவன் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவான். அந்த மௌனத்தில் நிற்க வேண்டியிருந்ததில்லை. இப்போது காதோடு அழுத்திய அந்தச் செத்த போனை, ஒரு அம்மா பேசி முடிக்கும் நேரம் முழுக்கக் கேட்க வேண்டியிருந்தது. அதில் ஒன்றுமே இல்லை. தன் ரத்தம் ஓடும் சத்தம்தான். அம்மா இல்லாமலே வளர்ந்த பிள்ளைக்கு அம்மா இல்லை என்பது ஒரு தகவலாகத்தான் இருந்தது. இடைவெளி விடக் கற்றுக்கொண்ட பிறகு அழுகையாக வந்தது.

[இந்த இடத்தில் நான் எழுந்து போய் ஒரு டீ போட்டுக் குடித்தேன். எனக்கு மதியத்தில் யாரும் போன் செய்வதில்லை. மகள் எப்போதாவது ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவாள். நானும் ஒன்று அனுப்புவேன்.]

9

துர்கா பூஜை முடிந்தது. சிலையைக் கரைத்த பிறகு வங்காளிகளுக்கு 'பிஜோயா' என்று ஒரு வழக்கம். சின்னவர்கள் பெரியவர்களின் காலைத் தொட்டு வணங்க வேண்டும், பெரியவர்கள் இனிப்புக் கொடுத்து ஆசி சொல்ல வேண்டும். நேரில் முடியாவிட்டால் போனிலாவது வணக்கம் போய்ச் சேர வேண்டும். தன் வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டும் என்று இல்லை. நண்பனின் அம்மாவும் மாஷிமாதான், அதாவது சித்திதான்.

ஆபீஸ் திறந்த நாள். மேஜையில் தேங்காய் உருண்டையும் உப்புச் சீடை மாதிரி ஒன்றும் குவிந்திருந்தன. உதய்யின் அம்மா வழக்கம்போல அழைத்தாள். உதய் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவே வைத்தான். எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள்: "ஷுபோ பிஜோயா, மாஷிமா! ப்ரணாம் நேபேன்!" என் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பும் நல்லா இருங்க, நல்லா இருங்க என்ற ஆசியும் வந்தன. அடுத்து மௌமிதாவின் அம்மா. அடுத்து அக்‌ஷயாவின் அம்மா, பாதி வங்காளத்திலும் பாதித் தமிழிலும் எல்லோரையும் வாழ்த்தினாள்.

"இப்ப அர்ஜுன்," என்றான் உதய். "மாஷிமாவைப் போடு."

அர்ஜுனன் கையில் பிடித்த உருண்டை வாய்க்குப் போகவில்லை.

அக்‌ஷயா முந்திக்கொண்டாள். "அவங்க கோவில்பட்டியில இருக்காங்க, பிஜோயான்னா என்னன்னே தெரியாது," என்றாள் வங்காளத்தில்.

"தாதே கீ?" என்றான் உதய். தெரியாவிட்டால் என்ன என்று. "ஆசீர்வாதம் பண்ணத் தெரியாத அம்மா உண்டா? தினமும் பேசறவங்கதானே. நாம ஒருநாளாவது பேச வேண்டாமா?"

மேஜையே ஆவலோடு அவன் முகத்தைப் பார்த்தது. அவர்கள் ஒருவர் கண்ணிலும் சந்தேகம் இல்லை, அன்புதான் இருந்தது. தப்பிப்பதற்கு அன்பைவிட மோசமான பொறி கிடையாது.

10

இங்கே நான் நிறுத்தி, முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ) அக்‌ஷயா கழிப்பறைக்குப் போவதுபோல வெளியே போகிறாள். அர்ஜுனன் அவள் எண்ணை அழைக்கிறான். அவள் தன் அம்மாவின் குரலில் "நன்னா இருங்கோ கொழந்தைகளா" என்கிறாள். எழுதும்போது சிரித்தேன். ஆனால் கோவில்பட்டி மாவு மில்காரர் வீட்டு அம்மா "நன்னா இருங்கோ" என்று சொல்வாளா? தவிர, அந்தக் குரலைத்தான் இவர்கள் இப்போது கேட்டு முடித்திருக்கிறார்கள். உதய் ஒன்றும் செவிடன் அல்ல.

ஆ) அவன் வீடியோவில் அப்பாவை அழைக்கிறான். அம்மா கோவிலுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிக்கொள்கிறான். மில் இரைகிறது. எல்லோரும் கத்துவது அப்பாவுக்குக் கேட்கவில்லை. திரையில் மாவு படிந்த ஒரு கை வாய்க்குப் போகிறது, புருவம் உயர்கிறது —

இதை எழுதிவிட்டு அழுதேன். அதனால்தான் சந்தேகம் வந்தது. எங்கே கையை அசைத்தால் கண்ணீர் வரும் என்பது நான் பார்த்துப் பார்த்துப் பழகிய வித்தை. அப்பா மில்லில் ஆணியில் தொங்கும் பையில் போனை வைத்துவிட்டு வேலை செய்கிறவர். அந்த இரைச்சலில் அவர் எடுத்திருக்கமாட்டார்.

இ) அவன் உண்மையைச் சொல்லிவிடுகிறான். யாரும் திட்டவில்லை. மௌமிதா அவன் தோளைத் தொடுகிறாள். மறுநாள் மதியம் உதய்யின் போன் அடிக்கிறது, உதய் இவனை ஒருமுறை பார்க்கிறான், எழுந்து —

இதை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

11

நான் இப்படி அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அர்ஜுனன் எனக்காகக் காத்திருக்கவில்லை. அவனே ஒரு வழி கண்டுபிடித்தான்.

பக்கத்தில் இருப்பவர்கள் திரையைப் பார்க்கக்கூடும் என்பதால் அவன் போனில் 'அம்மா' என்று ஓர் எண்ணைப் பதிந்து வைத்திருந்தான். அது அவனுடைய பழைய எண்தான். ஊரில் இருந்தபோது வைத்திருந்து, இங்கே வந்ததும் விட்டுவிட்டது. அதை அழைத்தால் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பதிவுக் குரல் தமிழில் சொல்லும். எல்லோர் முன்னாலும் அழைப்போம், அந்தக் குரல் சொல்லட்டும், அடடா என்பார்கள், ஊரில் டவர் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். நாளைக்கும் மேஜை இருக்கும். ஆபத்துக்குப் பாவமில்லை.

"போடறேன்," என்றான். ஸ்பீக்கரை அழுத்தி, போனை நடுவே வைத்தான். நிமிர்த்தித்தான் வைத்தான். அக்‌ஷயா கண்ணை மூடிக்கொண்டாள்.

மணி அடித்தது.

விட்டுப்போன எண்களைக் கம்பெனிக்காரர்கள் கொஞ்ச காலம் கழித்து வேறு யாருக்காவது கொடுத்துவிடுகிறார்கள். அது அவனுக்குத் தெரியாமல் இல்லை, நினைவுக்கு வரவில்லை. இரண்டாவது மணியும் அடித்தது. அர்ஜுனன் போனை எட்டி எடுக்கப் போனான். உதய் சிரித்துக்கொண்டே அவன் கையைப் பிடித்துக்கொண்டான். எல்லோரும் கத்துவதற்கு மூச்சை இழுத்துக்கொண்டு தயாராக இருக்கிறார்கள்.

வாசகரே, அண்மையில் புது சிம் ஏதாவது வாங்கினீர்களா?

தெரியாத எண் என்று வெட்டிவிடாதீர்கள். கடன் அட்டை விற்கிறவர்கள் இல்லை. எடுத்ததும் புரியாத பாஷையில் ஒரு கூட்டம் காது கிழியக் கத்தும், பயப்பட வேண்டாம், உங்களை வணங்குகிறார்கள். சும்மா "நல்லா இருங்க" என்றால் போதும். நீங்கள் ஆம்பளையாக இருந்தால், அம்மா மாடியில் துணி எடுக்கப் போயிருக்கிறாள், நீங்கள் மாமா. அதைக்கூட நான் சொல்லித் தர வேண்டுமா?

கத்தி முடிந்ததும் ஒருவன் தமிழில் பேசுவான். எரிச்சலோடு பேசத்தான் பார்ப்பான், இன்றைக்கு அது வராது. யார் எடுத்திருக்கிறார்கள், என்ன சொல்லிவிடுவார்களோ என்ற நடுக்கத்தில், "சாப்ட்டேம்மா" என்பான். சொல்லிவிட்டு, கற்றுக்கொண்டபடியே நிறுத்துவான். இந்தத் தடவை அந்த இடைவெளியில் நீங்கள் இருக்கிறீர்கள்.

எனக்கு அதில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நான் அவனுடைய பாதியை மட்டும்தான் கேட்டவள். நீங்கள் மற்றப் பாதியைக் கேட்டு வளர்ந்தவராக இருக்கலாம். இன்று காலையில்கூட யாரிடமாவது சாப்ட்டேன், வைக்கிறேன் என்று எரிந்துவிழுந்திருக்கலாம்.

அவன் அவசரத்தில் பதிலை முதலில் சொல்லிவிட்டான். கேள்வியை நீங்கள்தான் கேட்க வேண்டும்.